சேலை குடித்த தண்ணீர்

பீடோங்,
புதன்கிழமை.

அன்பு மகன் சத்தியசீலனுக்கு,

அம்மா காளியம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. ஆனால் என் நலம் என்ன என்பதை டயாலிசிஸ் சென்டரில் நர்ஸாக இருக்கிற மிஸி தலீலா போன சனிக்கிழமையே உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். உன் நலம் என்ன என்பது ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் போட்டுக் கத்தியதில் தெரிந்துவிட்டது. நெஞ்சில் நல்ல பலம் இருக்கிறது, சந்தோஷம். ஆகையால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, மருமகள் ரமணிக்கும் பேத்தி வாசுகிக்கும் என் ஆசியைச் சொல்லி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். நான் பேசி அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று வாசுகி சொல்லிவிட்டாள். "பாட்டி, நீங்க பேசுறது அப்பா போன்ல கோழி கொக்கரிக்கிற மாதிரி கேக்கும்" என்றாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன் என்றாலும், வாத்தியாருக்குக் கை வலித்தால் கரும்பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார். அந்தக் கையெழுத்து இது. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. பாதியில் நிறுத்தினால் தப்பாகத்தான் புரியும். நானும் நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். இன்றைக்கு மெஷின் இல்லாத நாள் என்று பெயர்தான், நேற்றைய களைப்பு தீர்வதற்குள் நாளைக்கு மறுபடி போக வேண்டும். இப்படித்தான் ஓடுகிறது பிழைப்பு.

நீ போனில் சொன்னது இதுதான். அம்மா திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறாள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் எடை ஏறிப்போய், ரத்தம் கழுவும்போது மயங்கி விழுகிறாள். இனித் தனியாக விட்டால் சரிப்படாது. அடுத்த வாரம் லீவு போட்டு லாரியோடு வருவாய், இந்த வீட்டைப் பூட்டுவாய், என்னை ஜோகூருக்குக் கொண்டுபோய் அந்த மாடி வீட்டில் வைப்பாய், என் கை போகாதபடி ஐஸ்பெட்டிக்கும் ஒரு பூட்டு போடுவாய். ஐஸ்பெட்டிப் பூட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று ரமணி பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

ஐயா, நான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது எடையைக் கூட்ட வாளியில் தண்ணீர் கலக்கிறவர்கள் இருந்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயரைச் சொன்னால் ரமணி வீட்டுப் பக்கம் போய் முடியும், வேண்டாம். ஆனால் காளியம்மா வாளியில் தண்ணீர் இருக்கிறது என்று கணக்கு எழுதுகிற எந்தக் கிராணியும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படி இருந்தவளை, இந்த வயதில், தன் உடம்பிலேயே தண்ணீர் கலக்கிறாள் என்று பெற்ற பிள்ளை சொல்கிறான். தோட்டத்துக் காளியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் குடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் போத்தலைக் காட்டி, ஒரு நாளைக்குத் தண்ணீர் இவ்வளவுதான் என்றார்கள். அந்தப் போத்தலில் பாதிகூட நான் தொடுவதில்லை. கோப்பியும் தண்ணீர்தானே என்று எனக்கே தோன்றி, யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் பக்கத்து வீட்டுக் கோப்பி வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். கோப்பிக்குப் பதிலாகக் காலையில் ஒரு மங்கு கஞ்சி, அதுவும் வயிற்றில் கனக்காமல் லேசாகக் கரைத்தது. மத்தியானம் வெறும் சோறு தொண்டையில் இறங்குவதில்லை என்பதால் ரசத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிப் பிசைந்துகொள்கிறேன். சாயங்காலம் நாக்கு வறண்டால் தண்ணீர்ப் பக்கம் திரும்புகிறேனா என்றால் இல்லை, பசாரில் வாங்கி வைத்த தர்பூசணியில் ஒரு துண்டு தின்று நாக்கை ஏமாற்றிவிடுகிறேன். இவ்வளவு வைராக்கியமாக இருக்கிறவளுக்குத்தான் நீ பூட்டு வாங்கி வைத்திருக்கிறாய்.

அப்படியென்றால் எடை எங்கிருந்து ஏறியது என்று கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் என் உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது என்னத்துக்கு இப்போது என்று பக்கத்தைத் தாண்டிவிடாதே.

முதல் தடவை எனக்கு மூச்சு முட்டிக் கீழே விழுந்தபோது அக்கம்பக்கத்தார் இருந்த கோலத்திலேயே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். இருந்த கோலம் என்பது பாஜு கெலாவர். வீட்டுக்குள் போடுகிற அந்தத் தொளதொள வௌவால் உடுப்பு, அதிலும் கழுத்துப் பக்கம் சாயம் போனது. நீ வந்து சேர்ந்தபோது பார்த்திருப்பாய். டாக்டர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றார், நீ அந்தப் பக்கம் நின்றாய், எனக்கு மேலே இங்கிலீஷ் இப்படியும் அப்படியும் பறந்தது. பூப்பந்து ஆட்டத்தில் நடுவில் கட்டிய வலை மாதிரி நான் கிடந்தேன். கடைசியில் டாக்டர் என்னைக் குனிந்து பார்த்து, மலாய்க்கார வழக்கப்படி அத்தை என்று கூப்பிட்டு, ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "மக்சிக், ஓகே?" நான் ஓகே என்றேன். எதற்கு ஓகே என்று அப்போது தெரியாது. அந்த ஓகேயை வைத்துக்கொண்டு கழுத்தில் குழாய் போட்டார்கள், அப்புறம் இடது கையைக் கிழித்து ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னது நானாம். உன்னிடம் கேட்டேன், என்னய்யா பண்ணுறாங்க என்று. "ஒண்ணுமில்லம்மா, கிட்னி வேலை செய்யல, ரத்தத்தக் கழுவுறாங்க, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றாய். நானும் யோசிக்கவில்லை. வீட்டுச் சட்டி பானையைக் கழுவினாலே எதற்குக் கழுவுகிறோம் என்று தெரிந்து கழுவுகிறவள், சொந்த ரத்தத்தை ஏன் என்று கேட்காமல் கழுவக் கொடுத்தேன்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் வாரத்துக்கு மூன்று நாள் அந்தச் சென்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மனுஷியாகப் போவேன். நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு, அது இல்லாத நாளில் உன் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டு. ஊசி குத்துகிற இடது கையைத் தூக்கிவிட வசதியாக ரவிக்கைக் கையில் அமுக்குப் பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டேன். இடது கையில் வளையல் கூடாது என்றார்கள், அதனால் இரண்டு கை வளையலையும் வலது கையில் போட்டுக்கொண்டேன். கழுத்தில் சங்கிலி. தோளில் கைப்பை. அதில் வீட்டுச் சாவி, குடை, அப்புறம் நம் அம்மன் படம், கண்ணாடிச் சட்டம் போட்டது. அம்மன் இருக்கிற பையை ஆஸ்பத்திரித் தரையில் வைக்க முடியுமா? எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் பை என் தோளிலேயே இருக்கும்.

மரியாதை மாறியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தர ஒரு படித்த பெண் வந்தாள். "ஆன்ட்டி டீச்சரா இருந்தீங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கொஞ்சமாகச் சிரித்தேன். உடனே அவள் எனக்கு ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தாள், முழுக்க மலாயும் இங்கிலீஷும். படிக்கிறவள் திருப்புகிற வேகத்தில் பக்கத்தைத் திருப்பினேன். ஓரிடத்தில் புருவத்தைச் சுருக்கினேன். "ஃபஹாம், ஆன்ட்டி?" என்றாள், புரிந்ததா என்று. "ஃபஹாம், ஃபஹாம்" என்றேன். அந்தப் புத்தகம் சாமி மேடையில் திருநீற்றுத் தட்டுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பாஜு கெலாவரில் இருந்தபோது, சொன்னாலும் இவளுக்குப் புரியாது என்று நினைத்து யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. பட்டுச் சேலையில் போனபோது, இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

சென்டருக்குள் போனவுடன் தராசில் ஏறி நிற்க வேண்டும், அது எதற்கு என்றும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது தோட்டத்துத் தராசு. எடை கூடினால் நல்லது, குறைந்தால் திட்டு. பிள்ளை பிறந்தாலும் அதே கணக்குத்தான், உன்னை நிறுத்தபோது மிஸியே கைதட்டினாள். ஆகையால் எண் ஏற ஏற எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இந்த நோயிலும் காளியம்மா தேறிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று. தலீலாவின் முகம் மட்டும் ஏனோ சுருங்கும். அவள் ஒல்லி, பொறாமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம் மெஷினில் உட்காருவேன். முதலில் ஒன்றும் தெரியாது. பக்கத்து நாற்காலியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுலைஹா உட்கார்ந்திருப்பாள். அங்கே உட்கார்ந்தபடியே போனில் கடையை நடத்துவாள், குழம்பில் உப்பு கூட என்றால் இங்கிருந்தே திட்டுவாள். அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாலே பாதி நேரம் போய்விடும். மீதிப் பாதிதான் கஷ்டம். முடிகிற நேரம் நெருங்க நெருங்கக் காலை யாரோ ஈரத் துணி மாதிரி முறுக்கிப் பிழிகிற வலி வரும். காது அடைக்கும். சுலைஹா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். மிஸிகள் ஓடிவந்து நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் காலை மேலே தூக்குவார்கள். பட்டுச் சேலை கட்டியவள் காலை மேலே தூக்கினால் என்ன கோலம் என்று நீயே நினைத்துப் பார். மயக்கத்திலும் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். கண் திறந்தால் தலீலா நிற்பாள். "ஆன்ட்டி, தண்ணி குறைங்க" என்பாள் மலாயில். அதைவிடக் குறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும், கேட்கமாட்டேன். ஓகே என்பேன். வீட்டுக்கு வந்து பாதிப் போத்தலைக் கால் போத்தலாக்குவேன், உடம்பில் தெம்பு வேண்டுமே என்று கஞ்சியை மட்டும் இன்னொரு மங்கு கூட்டிக்கொள்வேன். அடுத்த தடவை எடை இன்னும் ஏறியிருக்கும், கால் இன்னும் இழுக்கும். வேன் ஓட்டும் சிவநேசன் என்னைத் தாங்கிப் பிடித்துக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விடுவார். "என்னம்மா, போறப்போ கல்யாணப் பொண்ணு மாதிரி போறீங்க, வர்றப்போ பிழிஞ்சு போட்ட துணி மாதிரி வர்றீங்க" என்பார். சிரிக்கக்கூட முடியாது. நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிடுவேன், செருப்பைக் கழற்றவே வெகுநேரம் ஆகும்.

போன சனிக்கிழமை கொஞ்சம் அதிகம். எழுந்து நின்றேன் என்று ஞாபகம், அப்புறம் சுலைஹாவின் மடியில் என் தலை இருந்தது. அன்றைக்குத்தான் தலீலா உனக்குப் போன் போட்டாள். மறுநாள் நீ எனக்குப் போட்டாய். உன் போனுக்குப் பிறகு இனிமேல் அங்கே போகவே வேண்டாம், இந்த வீட்டிலேயே இப்படியே படுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் நாற்காலியில் ஒரு சீனர் இருந்தார், போகும்போதும் வரும்போதும் கையைத் தூக்கிக் காட்டுவார். கொஞ்ச நாளாக வரவில்லை. அப்புறம் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு அந்தச் சீனரைவிட உன் பூட்டுத்தான் பெரிதாகத் தெரிந்தது. திங்கட்கிழமை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. மாத்திரையைக்கூட ரசத்தில்தான் விழுங்கினேன். நாளைக்குத் தராசு என்ன சொல்கிறது பார்ப்போம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மழை. பீடோங் மழை உனக்கு மறந்திருக்கும், தாமான் குடியிருப்பு முழுக்க ஒரே வெள்ளம். வேன் சென்டர் வாசலுக்குப் போக முடியாமல் சாலையோரத்திலேயே நின்றது. குடையை விரித்தேன், காற்று அதை மேல்நோக்கித் திருப்பிவிட்டது. அம்மன் படம் நனையக்கூடாது என்று கைப்பையைச் சேலை முந்தானைக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டு நடந்தேன். உள்ளே போய்ச் சேர்ந்தபோது படத்தைத் தவிர மீதி எல்லாம் நனைந்திருந்தது. முந்தானை நுனியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருக்க, அப்படியே தராசில் ஏறினேன். தலீலா எண்ணைப் பார்த்தாள். தராசைத் தட்டினாள். மறுபடி பார்த்தாள்.

"ஆன்ட்டி," என்றாள், அழுகிற குரலில், "பெராப்பா பாஞாக் மினும்?" எவ்வளவு குடித்தீர்கள் என்கிறாள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தொடாமல் இருந்தவள் தராசில் நின்று அழுதேன் ஐயா, அதையும் எழுதத்தான் வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் சுலைஹா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் மிஸி அவங்களப் போட்டுத் திட்டுற," என்றாள். "அக்கா எங்க குடிச்சாங்க. அக்கா சேலைதான் குடிச்சிருக்கு. ரோட்டுல இருந்த தண்ணி பூரா அதுலதான் இருக்கு லா."

அதையே மலாயிலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், தலீலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். என் சேலையைப் பார்த்தாள். வலது கை வளையலைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பையைத் தன் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் முதல் முதலாக உங்களை நிறுத்தபோது என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்டாள். இதை அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

"பாஜு கெலாவர்," என்றேன்.

"பை?" என்றாள் தலீலா.

"இல்ல."

"வளையல்?"

"அதெல்லாம் வீட்டுல இருந்துச்சு."

அவள் என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு சாரோங்கும் அவளுடைய டி-ஷர்ட் ஒன்றும் கொடுத்தாள், நெஞ்சில் பூனைப் படம் போட்டது. உன் அம்மா பூனைப் படத்தோடு தராசில் ஏறினாள். எண் பொத்தென்று கீழே இறங்கியது. சேலை, பாவாடை, வளையல், அம்மன் படம் வைத்த பை எல்லாவற்றையும் துணிக்கூடையில் போட்டு அதைத் தனியாகத் தராசில் ஏற்றினாள். நல்ல பட்டு, ஈரத்தைக் கழித்தும் கனம் இருந்தது. அப்புறம்தான் எனக்கு விளக்கினாள், சுலைஹா தமிழில் திருப்பிச் சொன்னாள். பாஜு கெலாவரில் நிறுத்த எடைதான் என் சரியான எடை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தராசு எதைக் காட்டினாலும் அது உடம்பில் தேங்கிய தண்ணீர் என்று கணக்கு, அவ்வளவையும் மெஷின் எடுக்கும். நான் குடிக்காத தண்ணீரை எங்கிருந்து எடுப்பது? இத்தனை நாளும் என் பட்டுச் சேலையின் கனத்தை என் ரத்தத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். கால் இழுக்காமல் என்ன செய்யும்.

தலீலா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், ஒரு ஆள் எத்தனை பேரைப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு" என்று மட்டும் எண்ணைப் பார்த்து முனகினாள். தலைமுடி ஈரம் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். நேற்று மெஷினில் கால் கொஞ்சம்தான் இழுத்தது, காதும் அடைக்கவில்லை. நாற்காலியிலிருந்து என் காலாலேயே எழுந்து வேன் வரைக்கும் நடந்தேன். சிவநேசன், "என்னம்மா, இன்னிக்கு உள்ளயே போகலையா" என்றார். இனிமேல் பாஜு கெலாவரிலேயே வந்துவிடுங்கள் என்றாள் தலீலா. அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வாசலில் இறங்கும்போது பட்டு, திரைக்குப் பின்னால் சாரோங், நாற்காலியில் சாரோங், வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி பட்டு. அம்மன் படம் அதுவரைக்கும் தலீலாவின் மேசை மேல் இருக்கும், அவள் இடம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆக, உன் அம்மா குடிக்கவில்லை என்பது தராசிலேயே தெரிந்துவிட்டது. இனி நீ செய்ய வேண்டியது என்னவென்றால், லாரியை வேண்டாம் என்று சொல்லிவிடு. லீவை வாசுகியின் பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள். பூட்டைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேள், இல்லையென்றால் ரமணியின் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் போடு. என்னிடம் மன்னிப்பெல்லாம் வேண்டாம், "அம்மா, தெரியாமப் பேசிட்டேன்" என்று ஒரு வார்த்தை போதும், அதைச் சாதாரண வேகத்தில் சொல். நீ வரவேண்டியதில்லை. நான் இங்கேயே, என் வீட்டிலேயே, என் நாற்காலியிலேயே இருந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் குறையில்லாமல் எரியட்டும். ரமணி இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளட்டும், மாடிப்படியில் தூக்கிச் சுமக்க வேண்டாம். என் இடது கையில் தைத்த ரத்தக்குழாயில் ஓடுகிற வண்டுச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று வாசுகி போனைக் கையில் வைக்கச் சொல்வாளே, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல். அம்மன் உங்கள் மூவரையும் என் வயதுக்கும் சேர்த்து வைத்திருப்பாள்.

ஒரு சொட்டும் கலக்காத உன் தாய்,
ந. காளியம்மா

பின்குறிப்பு, வியாழக்கிழமை சாயங்காலம்.

நேற்றே இதைத் தபாலில் சேர்த்திருப்பேன், தபால்தலை இல்லாமல் போனது. அந்த மட்டுக்கும் அம்மன் என்னைக் காப்பாற்றினாள். இன்றைக்குத் தலையை நன்றாகக் காயவைத்துக்கொண்டு போனேன். சாரோங்கைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறினேன். எண் கூடுதலாகத்தான் வந்தது. சேலை இல்லை, வளையல் இல்லை, பை இல்லை, ஈரம் இல்லை. தராசில் நான் மட்டும்தான் இருந்தேன்.

தலீலா திட்டவில்லை. ஊசி எல்லாம் குத்தி முடித்த பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபஹாமா என்று கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்ன என்ன சாப்பிடுகிறீர்கள், எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றாள். இடையில் சுலைஹா மொழிபெயர்த்தாள். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது, பெருமையாகவே சொன்னேன்.

"காலையில கஞ்சி."

தலீலா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"கெட்டியாவா, தண்ணியாவா கேக்குறா," என்றாள் சுலைஹா.

"தண்ணியாத்தான். கெட்டியா இருந்தா அது சோறுதானே."

சுலைஹா இதை மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "அக்கா, இப்ப நீங்க சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

அப்புறம் ரசத்தைச் சொன்னேன், ரசத்தில் விழுங்கிய மாத்திரையைச் சொன்னேன், தர்பூசணியைச் சொன்னேன், எனக்கே குரல் இறங்கிக்கொண்டு போனது. சுலைஹா சிரித்த சிரிப்பில் அவள் மெஷின் கீச்சென்று கத்த, இன்னொரு மிஸி ஓடிவந்து பார்த்தாள். "கவலப்படாதீங்கக்கா," என்றாள் என்னிடம். "ஐஸ் கட்டியச் சப்பிக்கிட்டே தண்ணியே குடிக்கலன்னு டாக்டர்கிட்டச் சத்தியம் பண்ணுனவ நான். அந்தப் போத்தல் அளவுன்னா எல்லாம் சேத்துத்தான். கஞ்சி, ரசம், பழம், எல்லாம்." அத்தோடு விடவில்லை தலீலா. இப்போது என்ன சொன்னேன் என்று நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் பாடம் ஒப்பிக்கச் சொன்னதில்லை. ஒப்பித்தேன். ஒரு இடத்தில் தப்பு, திருத்தினாள்.

ஆகையால் ஐயா, மேலே அம்மன் மேல் வைத்த ஆணையை இல்லாததாக வைத்துக்கொள், அவளிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். கையெழுத்துக்கு மேல் எழுதிய அந்த வரியையும் நீயே அடித்துவிடு, நான் அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். வரவேண்டாம் என்று எழுதினேன் அல்லவா, வா. லாரி வேண்டாம், பூட்டும் வேண்டாம், நீ மட்டும் வா. ஒரு செவ்வாய்க்கிழமை என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார். திருநீற்றுத் தட்டுக்குக் கீழே இருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். எனக்கு மேலே பேசாமல், என்னிடம், தமிழில் படித்துச் சொல். நான் தலையாட்டினால் நம்பாதே. திருப்பிச் சொல்லச் சொல். எல்லாம் கேட்ட பிறகும் ஜோகூர்தான் என்று உனக்குத் தோன்றினால் அப்போது பேசிக்கொள்வோம்.

இன்னொன்று, இது அவசரம். வீட்டுக்கு வந்த களைப்பில் ஒரு டம்ளர் மோர் கலக்கிவிட்டேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் சந்தேகம் வந்தது. மோர் தண்ணீரில் சேர்த்தியா, இல்லையா? கடிதம் ஜோகூர் வந்து சேரும்வரைக்கும் மோர் தாங்காது. அதனால் இதையே வாய்ஸ் மெசேஜிலும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். வேகத்தைக் கூட்டியே கேள், பரவாயில்லை. டம்ளர் மேல் தட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.